ஒருக்காத்தான் கேட்டாங்க: பல்லடத்திலிருந்து சாப்பா மலைக்கு

பல்லடத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் என்று பெயர்தான், பாதி நாள் மற்றவர்களுக்கு பாஸ்போர்ட் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பதே வேலை. துபாய் போகிறவர், மகளைப் பார்க்க சிங்கப்பூர் போகிறவர், "எதுக்கும் ஒண்ணு எடுத்து வெச்சுக்கலாமுங்க" என்று வருகிறவர் என எல்லோருக்கும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். எனக்கு மட்டும் நாற்பத்தைந்து வயது வரை பாஸ்போர்ட் இல்லை. போன வருடம்தான் எடுத்தேன். அது கைக்கு வந்த அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன்: வெளிநாட்டில் ஒரு மலை ஏற வேண்டும், அதுவும் என் திட்டப்படி.

"என் திட்டப்படி" என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இதுவரை நாங்கள் பார்த்த ஊரெல்லாம் குமாரண்ணன் பஸ்ஸில் பார்த்ததுதான். அவர் என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன். வருடம் ஒரு டூர் பஸ் விடுவார், சமையல்காரரையும் கேஸ் அடுப்பையும் கூடவே ஏற்றிக்கொள்வார். காசிக்குப் போனாலும் அரிசிம்பருப்புச் சாதம், ஹரித்வார் போனாலும் அரிசிம்பருப்புச் சாதம். ருசியில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு ஊருக்குப் போய் அந்த ஊர்ச் சோற்றைத் தின்னாமல் வந்தால் அதென்ன பயணம்? நான் கங்கையை ஆசையாகப் பார்க்க ஆரம்பிக்கும்போதே "இலை போட்டாச்சு, வாங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்துவிடும்.

என் வீட்டுக்காரருக்கோ அந்தக் குரல்தான் டூரே. எட்டுத் தறி ஓட்டுகிறவர், எதற்கும் அலட்டிக்கொள்ளாத ஆள், சோறு மட்டும் நேரத்துக்கு வர வேண்டும். வியட்நாம் பேச்சை எடுத்ததும் ஒரு நிபந்தனை போட்டார். "சரி, போலாம் சாந்தி. ஆனா அங்க நான் பட்டினி கெடந்தேன்னா, அதுக்கப்பறம் எங்க போறதுன்னாலும் குமாரண்ணன் பஸ்ஸுதான். பேச்சு மாறக் கூடாது." குமாரண்ணனும் சும்மா இல்லாமல், கார்த்திகையில் கிளம்பும் பஸ்ஸில் எங்களுக்கு இரண்டு சீட்டு பிடித்து வைத்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

அதனால் நாடு தேர்ந்தெடுத்ததே சோற்றை வைத்துத்தான். சுவிட்சர்லாந்து போட்டோவில் அழகு, ஆனால் ரொட்டியும் பாலாடைக்கட்டியும். ஜார்ஜியாவும் அப்படியே. வியட்நாமில் மூன்று வேளையும் அரிசி. வடக்கே சாப்பா என்ற மலையூரில் படிக்கட்டு படிக்கட்டாக நெல் வயல், அதற்கு நடுவே நடைபாதை, ராத்திரி தங்க கிராமத்து வீடு. நெல் பழுக்கும் சமயத்துக்கு ஆவணிக் கடைசியில் போனோம். ஆவணியில் எத்தனை கல்யாணப் பத்திரிகை வரும் என்று கொங்குக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எல்லார் வாயிலும் விழுந்துவிட்டுத்தான் கிளம்பினோம்.

இ-விசா ஆளுக்கு 25 டாலர், நானே விண்ணப்பித்தேன். ஷூ காந்திபுரத்தில் வாங்கினோம். கடைக்காரர், "ஏனுங்க, எந்த மலைக்குங்க, வெள்ளியங்கிரியா?" என்றார். "வியட்நாமுங்க" என்றதும் இன்னொரு ஜோடி சாக்ஸ் இலவசமாகக் கொடுத்தார். ஒரு மாதம் ஞாயிற்றுக்கிழமை தோறும் மருதமலைப் படி ஏறிப் பழகினோம். மேலே போனதும் சாமி கும்பிட்டோமோ இல்லையோ, மூச்சு வாங்கினோம்.

கோவையிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து ஹனோய். இறங்கிய காலையிலேயே தெருவோரக் குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து ஃபோ சாப்பிட்டோம். நம்ம சந்தகையை, அதாவது இடியாப்பத்தை, கோழி ரசத்தில் போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரர் மிளகாயை அள்ளிப் போட்டு இரண்டு கிண்ணம் குடித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்தாயிற்று என்றே நினைத்தேன். அந்தத் தெம்பில், அவர் கட்டிக்கொண்டு வந்திருந்த பருப்புப்பொடி, பூண்டுப்பொடி டப்பாக்களை எல்லாம் பெரிய பெட்டியோடு ஹனோய் லாட்ஜிலேயே விட்டுவிட்டு வரச் சொன்னேன். மலைக்கு எதற்குச் சுமை?

ஹனோயிலிருந்து சாப்பா 315 கிலோமீட்டர், படுக்கை பஸ்ஸில் ஆறு மணி நேரம். காலைப் பஸ்ஸில் போங்கள், மலைப்பாதையைப் பார்க்கலாம். மறுநாள் எங்களைக் கூட்டிப்போனவர் மே என்ற ஹ்மாங் மலையினப் பெண்மணி. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், முதுகில் மூங்கில் கூடை, வாய் நிறையச் சிரிப்பு. ஏறக்குறைய 12 கிலோமீட்டர் வயல் வரப்பிலேயே நடந்தோம். ஒரு பக்கம் திரும்பினால் பச்சை, மறு பக்கம் மஞ்சள், நடுவே மேகம் வந்து மூடும், திறக்கும். வாழ்க்கையில் இப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் தமிழில் பேசினேன், யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

ராத்திரி தா வான் கிராமத்தில் லான் என்ற அம்மாவின் வீட்டில் தங்கல். நீள மேசையில் சோறு, பன்றிக்கறியும் மூங்கில் குருத்தும், தக்காளியில் போட்ட டோஃபு, பூண்டு தாளித்த கீரை. நான் பக்கத்தில் இருந்த டச்சுத் தம்பதியிடம் கதை அளந்துகொண்டே மூன்று கிண்ணம் முடித்தேன். வெட்கம் பார்க்கிற ஆள் நான் இல்லை. என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை.

மறுநாள் மூங்கில் காட்டு வழியாக ஏற்றம். மழை பெய்த களிமண், ஒரு அடி வைத்தால் அரை அடி வழுக்கும். கொஞ்ச தூரம்தான் போயிருப்போம், வீட்டுக்காரர் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்துப் போயிருந்தது. எனக்குப் பகீரென்றது. ஆஸ்பத்திரி எத்தனை தூரமோ என்ன எழவோ.

"என்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்ல. கண்ணக் கட்டுது."

"காலைல சாப்பிட்டீங்கல்ல?"

"இல்ல. அந்தம்மா கேட்டுது, வேண்டாமுங்கன்னேன்."

"ஏன்?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஒருக்காத்தான் கேட்டாங்க."

"ராத்திரி?"

"ராத்திரியும் ஒருக்காத்தான். கிண்ணத்தத் தொட்டுட்டு வேண்டாமுங்கன்னேன், பாத்திரத்தத் தூக்கிட்டு அக்கட்டால போயிருச்சு."

சிரிக்கவா, அழவா? எங்கள் பக்கம் முதல் தடவை கேட்டதுமே "போடுங்க" என்று சொல்லிவிட்டால் சோற்றுக்கு அலைகிறவர் என்று ஆகிவிடும். முதலில் வேண்டாமுங்க. இரண்டாவது, "ஐயோ, எதுக்குங்க சிரமம்." மூன்றாவதில்தான் இலை முன்னால் உட்கார்வோம். மூன்று தடவை கேட்காத வீட்டில் கை நனைக்க மாட்டோம். லான் அம்மா பாவம், இவர் வேண்டாம் என்றதை வேண்டாம் என்றே எடுத்துக்கொண்டார். வயிறு காய்ந்தாலும் வாய் விட்டுக் கேட்க இவருக்குக் கௌரவம். பொடி டப்பாவோ ஹனோயில். ஒப்பந்தப்படி அவர் பட்டினி கிடந்தாயிற்று, என் ஆட்டம் முடிந்தது. இனி ஆயுசுக்கும் குமாரண்ணன் பஸ்தான் என்று நினைத்ததும் காட்டு நடுவில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மே என்ன புரிந்துகொண்டாரோ, கூடையை இறக்கி வாழையிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்தார். ஒட்டும் அரிசிச் சோறு, மேலே உப்பு சேர்த்து இடித்த எள். இவர் முன்னால் நீட்டினார்.

"வேண்டா..." என்று என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். தொடையில் நறுக்கென்று கிள்ளினேன். "வாங்குங்க! ரெண்டாவது ஒருக்காக் கேக்க மாட்டாங்க!"

வாங்கினார். கடைசிப் பருக்கை வரை தின்றார். "எள்ளுப்பொடிச் சோறு," என்று மட்டும் சொன்னார். கால் மணி நேரத்தில் முகத்தில் ரத்தம் வந்தது, அப்புறம் எனக்கு முன்னால் நடந்தார். மூங்கில் காடு முடிந்த இடத்தில் பாறையில் வழிந்து ஓடும் அருவி, அதற்குக் கீழே பள்ளத்தாக்கு முழுக்க வயல். அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். இலை போட்டாச்சு என்று கூப்பிட யாரும் இல்லை. பஸ் பேச்சை அவர் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. பயமாக இருந்தது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வழிகாட்டி, ஒரு ராத்திரித் தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்து இரண்டு நாளைக்கு ஆளுக்கு நாலாயிரம் ரூபாய் சொச்சம். விமானத்தையும் கூட்டினால் ஆளுக்கு எண்பதாயிரத்துக்குள் முடித்தோம். ஆவணியில் வயல் அழகு, பாதை சேறு; ரப்பர் பூட்ஸ் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும், எங்கள் காந்திபுரம் ஷூ பையிலேயே தூங்கியது. மீனைப் புளிக்க வைத்து எடுத்த சாற்றை எல்லாவற்றிலும் ஊற்றுவார்கள், சைவக்காரர்கள் "ஆன் சாய்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பொடி டப்பா சின்னதாக ஒன்று கையிலேயே இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பசித்தால் முதல் தடவையே தட்டை நீட்டுங்கள். நம்ம மரியாதை அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியாது.

ஊர் திரும்பிய மறுநாள் சாயங்காலம் குமாரண்ணன் வந்தார். "காபி சாப்புடறீங்களாங்ணா?" என்றேன். வேண்டாம் என்றார். மறுபடி கேட்டேன், எதுக்கு கண்ணு சிரமம் என்றார். மூன்றாவதாகக் கேட்டுவிட்டுப் போட்டுக்கொண்டு வந்தேன். அதற்குள் வீட்டுக்காரர் பட்டினிக் கதையைச் சொல்லி முடித்திருந்தார். குமாரண்ணனுக்கு ஒரே குஷி.

"அப்பறமென்ன தம்பி, ரெண்டு சீட்டு அப்படியேதான் இருக்குது. வந்துருங்க."

"வேண்டாமுங்ணா."

குமாரண்ணன் சிரித்தார். அவருக்குத் தெரியாத முறையா? "அட, சும்மா வா தம்பி."

"வேண்டாமுங்ணா."

நான் தட்டோடு கதவோரமே நின்றுவிட்டேன். குமாரண்ணன் காபியை எடுத்துக்கொண்டு மூன்றாவது தடவையும் கேட்டார். "நெசமாத்தான் கேக்கறேன், வர்றீங்களா இல்லையா?"

"இல்லீங்ணா. நாங்க நேபாளம் போறோம். அங்கயும் சோறும் பருப்புந்தானாமா."

நேபாளமா? அந்தப் பேச்சையே நான் எடுத்திருக்கவில்லை.