குழாய் உள்ள கப்பல்

சந்தியாவுக்கு வயது இருபத்தொன்பது. புதுச்சேரியில் ஒரு டிராவல்ஸில் நான்கு வருடமாக வேலை. முதலில் திருப்பதிக்கும் வேளாங்கண்ணிக்கும் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தாள். போன வருடத்திலிருந்து கப்பலில் அனுப்புகிறாள். எந்த மாடியில் நீச்சல்குளம், எந்த மாடியில் தோசை, எந்த அறையின் ஜன்னலைப் உயிர்காப்புப் படகு மறைக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். கப்பலை ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை.

ஆறு வாரமாக ஒரு கப்பலும் விற்கவில்லை. திங்கட்கிழமை அவளுடைய முதலாளி விஜயகுமார் டீ குடித்துக்கொண்டே சொன்னார்.

"மரக்காணத்துல பாலகுருன்னு ஒரு உப்பள ஓனரு. உங்க பக்கம்தானே. பதினோரு பேரு, தீவுக்குப் போவணுமாம். முடிச்சிட்டு வா. முடியலன்னா ஒண்ணாந்தேதிலேர்ந்து வர வேணாம்மா. என்னால முடியல."

கோபமாகச் சொல்லியிருந்தால் கெஞ்சிப் பார்த்திருக்கலாம். அவர் கோபப்படவில்லை. இந்த வேலை போனால் அடுத்து எங்கே என்று சந்தியாவுக்குத் தெரியும். அவள் அம்மா சவரியம்மாள் இருபத்தாறு வருடமாக உப்பு வாருகிற இடம். அது பாலகுருவின் அளம். விஜயகுமாரிடம் அதை அவள் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை எட்டு மணிக்குப் பாலகுருவின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். பளிங்குத் தரை. ஊஞ்சலில் பாலகுரு, எதிர் சோபாவில் அவர் மனைவி அம்சவல்லி. பாலகுரு சந்தியாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ சவரியம்மா பொண்ணுதானே."

"ஆமாங்க சார்."

"பாத்தியா அம்சு, கப்பல் விக்குது."

அம்சவல்லி தண்ணீர் கொண்டுவந்தாள். அவர்கள் இருவருக்கும் சில்வர் டம்ளர். சந்தியாவுக்குப் பேப்பர் கப். "வெயில்ல வந்திருக்கே, குடி" என்றாள். குடித்து முடித்ததும் கப்பை இரு விரலால் வாங்கிக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, இன்னொரு புதுக் கப்பில் இன்னொரு முறை கொடுத்தாள். வேண்டாம் என்றால் எப்படி எடுத்துக்கொள்வார்களோ என்று சந்தியா அதையும் குடித்தாள். மூன்றாவதையும் குடித்தாள்.

பிறகு படங்களை விரித்தாள். ஒரு பக்கம் கொச்சியிலிருந்து லட்சத்தீவு. இன்னொரு பக்கம் கொழும்பிலிருந்து மாலத்தீவு. பாலகுரு ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். வானத்தில் மேகம் இருந்த படத்தை உடனே ஒதுக்கினார்.

"இது வேணாம். மழ வரும்."

"அது அழகுக்குப் போட்டிருக்காங்க சார்."

"மேகத்துல என்னா அழகு?"

மேகம் உள்ள மூன்று தாள்களை அவளே காலையில் பைக்குள் தள்ளிவிட்டுத்தான் வந்திருந்தாள். அதில் அழகு இருப்பதாக அவளுக்கும் தோன்றியதில்லை. ஒரு மழை பெய்தால் பாத்தியில் பத்து நாள் உழைப்பு கரைந்து போகும். அந்த ஒரு விஷயத்தில் அவரும் அவளும் ஒன்று. நினைக்கவே கூசியது.

லட்சத்தீவு அரைமணி நேரத்தில் விழுந்தது. "ஈசிஆர்ல காரை நிறுத்திட்டுப் பாத்தா இதேதான் தெரியும்" என்றார். மாலத்தீவு நின்றது. சாப்பாட்டு மேஜையில் யாரை யாரோடு உட்கார வைப்பார்கள் என்று கேட்டார். குடும்பத்துக்குத் தனி மேஜை கேட்டு வாங்கலாம் என்றாள். திருப்தியானார். கையெழுத்துப் போட வேண்டிய தாளை அவள் பையிலிருந்து எடுக்கப் போனாள். அப்போதுதான் அம்சவல்லி கேட்டாள்.

"பாத்ரூம் ரூமுக்குள்ளயேதானே?"

"எல்லா ரூம்லயும் இருக்குதுங்க."

"கழுவறதுக்குப் பைப் இருக்குதா? எங்க நாத்தனாரு சிங்கப்பூர் கப்பல்ல போயிட்டு வந்து சொன்னா, வெறும் பேப்பராம். தொடச்சிக்கணுமாம்."

பாலகுரு ஊஞ்சலைக் காலால் நிறுத்தினார்.

"பேப்பரா? சீ. அஞ்சு நாளு. மனுசன் இருப்பானா?"

அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் அதுவே பேச்சு. உப்பு வியாபாரிகள் கூட்டத்துக்கு அவர் ஒருமுறை டெல்லிக்குப் போனாராம். ஹோட்டலில் பேப்பர்தானாம். மறுநாளே திரும்பிவிட்டாராம். பேரப் பிள்ளைகளுக்குத் தோல் மென்மையாம், மூத்த மருமகளுக்கு எதைத் தொட்டாலும் அரிப்பாம். பதினோரு உடம்பின் பின்பக்கத்தைப் பற்றியும் அவர் தனித்தனியாகக் கவலைப்பட்டார். சந்தியா குறிப்பேட்டில் எழுதுவது போலத் தலை குனிந்துகொண்டாள். தொண்டைக்குள் ஏதோ புளித்து மேலே வந்தது.

மலத்தைப் பற்றிப் பேசுவது அவளுக்கு அருவருப்பு இல்லை. சின்ன வயதிலிருந்து அவள் வீட்டில் அதுதான் பேச்சு. அளத்தில் ஒரு மரம் கிடையாது, புதர் கிடையாது. கோழி நடந்தாலும் ஒரு கிலோமீட்டருக்குத் தெரியும். அங்கே ஒன்பது பெண்கள் வேலை செய்கிறார்கள். காலையில் வேன் ஏறுவதற்கு முன்னாலிருந்து மதியம் வீடு திரும்பும் வரை அம்மா தண்ணீர் குடிக்க மாட்டாள். சிறுநீரகத்தில் இரண்டு முறை கல். தினம் மூன்று லிட்டர் குடிக்கச் சொன்னார் டாக்டர். "குடிச்சா எங்க போறதுங்க?" என்று அம்மா கேட்டாள். டாக்டர் அடுத்த சீட்டை எடுத்துவிட்டார்.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒன்பது பேரும் இதே வீட்டு வாசலில் வந்து நின்று, ஒரு கக்கூஸ் கட்டித் தரும்படி கேட்டார்கள். "உப்புத் தரையில செவுரு நிக்காதும்மா" என்று சொல்லி அனுப்பினார் பாலகுரு. அதே தரையில் அவருடைய மோட்டார் அறை பதினெட்டு வருடமாக நிற்கிறது. ஆயுத பூசைக்கு ஆயுத பூசை வெள்ளையடிக்கிறார்கள்.

"பைப் இருந்தா கையெழுத்துப் போடறேன். இல்லன்னா இந்தப் பேச்சே வேணாம்" என்றார் பாலகுரு முடிவாக.

கப்பல் கம்பெனிக்கு அவள் போனில் செய்தி அனுப்பினாள். பதில் வந்ததும் கூப்பிடுவதாகச் சொல்லி எழுந்தாள். எழுந்தபோதுதான் மூன்று கப் தண்ணீரும் அடிவயிற்றில் கனத்தது. அம்சவல்லியிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"பாத்ரூம் போயிட்டு வரலாங்களா?"

அம்சவல்லி கணவரைப் பார்த்தாள். அவர் படத்தைப் பார்த்தார்.

"உள்ள வேல நடக்குதும்மா. டைல்ஸ் மாத்தறாங்க" என்றாள்.

உள்ளே யாரோ ஃபிளஷ் செய்கிற சத்தம் கேட்டது. தண்ணீர் நின்று நிதானமாக இறங்கியது. மூன்று பேரும் அதைக் கேட்டார்கள்.

"வீடு பக்கந்தானே உனக்கு" என்றாள் அம்சவல்லி.

வீடு கூனிமேட்டுக்குப் பக்கத்தில், பத்து கிலோமீட்டர். அளம் இரண்டு கிலோமீட்டர். சந்தியா ஸ்கூட்டியை அளத்துப் பக்கம் திருப்பினாள். மண் பாதையில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஒன்றாம் தேதியிலிருந்து இதுதான் பாதை என்று ஒரு நினைப்பு கூடவே வந்தது.

வரப்பில் கூடையோடு நின்ற அம்மா, மகள் வண்டியை விட்டு இறங்கிய விதத்திலேயே புரிந்துகொண்டாள். ஒரு பழைய புடவையை எடுத்துக்கொண்டு குவித்த உப்புக்குப் பின்னால் நடந்தாள். கூட வேலை செய்யும் செல்லம்மாள் மறுமுனையைப் பிடித்தாள். இன்னொருத்தி பாதையைப் பார்த்து நின்றாள். லாரி வந்தால் உப்பு வாரும் பலகையை வரப்பில் இரண்டு தட்டு தட்டுவாள். யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லாத ஏற்பாடு.

"இன்னாடி ஆபீசரம்மா, உங்க ஆபீசுல கக்கூசு இல்லியா?" என்றாள் செல்லம்மாள் புடவைக்கு அந்தப் பக்கமிருந்து.

"சும்மா இரு செல்லம்மா. புள்ள போவட்டும்" என்றாள் அம்மா.

சுற்றிலும் பாத்தி பாத்தியாகத் தண்ணீர். பட்டால் தீப்போல எரியும் தண்ணீர். அதில் கழுவ முடியாது. அதனால் ஒவ்வொருத்தியும் இடுப்பில் ஒரு அரை லிட்டர் கலர் சோடா பாட்டிலைக் கட்டிக்கொண்டு வருவாள். அது குடிப்பதற்கு இல்லை, கழுவுவதற்கு. அம்மா தன்னுடையதை அவிழ்த்துப் புடவைக்கு மேலே நீட்டினாள்.

சந்தியா சேலையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தபோது போன் அதிர்ந்தது. கப்பல் கம்பெனியின் பதில். குழாய் கிடையாது, பேப்பர் மட்டும்தான். படித்து முடிப்பதற்குள் பாலகுருவே கூப்பிட்டார்.

"ஏம்மா, பைப் விசயம் என்னாச்சி?"

இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் கையெழுத்துப் போட்டுவிடுவார். ஆனால் போய்வந்ததும் நேராக விஜயகுமாரிடம்தான் நிற்பார்.

"பைப் இல்லீங்க சார். பேப்பர்தான்."

"அப்ப வேணாம்மா. விட்டுடு."

பக்கத்தில் நின்ற அம்மாவுக்கு எல்லாம் கேட்டது. "பாட்டில்ல எடுத்துட்டுப் போவச் சொல்லுடி" என்றாள் மெதுவாக. வியாபாரம் கைவிட்டுப் போகக் கூடாதே என்று நல்லபடியாகத்தான் சொன்னாள்.

சந்தியா போனை வாய்க்கு நெருக்கமாகப் பிடித்தாள்.

"சார், பாட்டில்ல தண்ணி எடுத்துட்டுப் போவலாம். உங்க அளத்துல ஒம்போது பொம்பளைங்க வருசக்கணக்கா அப்படித்தான் போறாங்க. எங்கம்மா இருவத்தாறு வருசமா போறாங்க. இப்ப நானும் போயிட்டுதான் வந்தேன். உங்க வீட்டுல டைல்ஸ் மாத்தறாங்கன்னு."

செல்லம்மாள் புடவையை மடிப்பதை நிறுத்தினாள். அம்மா மகளின் கையைப் பிடித்தாள். வேலை போயிற்று என்று சந்தியாவுக்குத் தெரிந்தது. அவர் கத்துவார். சவரியம்மாளையும் நாளைக்கு வர வேண்டாம் என்பார். அவர் கத்த வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. கத்தினால் தன் வார்த்தை அவர் மேல் பட்டது என்றாவது ஆகும்.

மறுமுனையில் ஊஞ்சல் சங்கிலியின் சத்தம் கேட்டது. அவர் யாரிடமோ பாட்டில் விஷயத்தைச் சொன்னார். அம்சவல்லியின் குரல் கேட்டது. "இது தோணலியே நமக்கு."

"எத்தன லிட்டரு?" என்றார் பாலகுரு.

"என்னாங்க?"

"பாட்டிலும்மா. எத்தன லிட்டரு எடுத்துட்டுப் போவணும்? செக்கிங்ல விடுவானா?"

அவள் கையிலிருந்த காலி பாட்டிலைப் பார்த்தாள். மூடி தொலைந்து, ஒரு பிளாஸ்டிக் துண்டை ரப்பர் பேண்டால் கட்டியிருந்தது.

"காலியா எடுத்துட்டுப் போங்க சார். உள்ள வாஷ்பேசின்ல புடிச்சிக்கலாம்." குரல் அலுவலகக் குரலாகவே வந்தது. "அர லிட்டர் போதும்."

"அப்ப பதினொண்ணு வாங்கணும். ஒருத்தருது ஒருத்தர் தொடக் கூடாது, இல்லியா. சரி, போட்டுடும்மா. சாயங்காலம் வந்து கையெழுத்து வாங்கிக்க. நல்ல வெவரமான பொண்ணு நீ."

போனை வைத்துவிட்டார். பலகைகள் மறுபடி உப்பைச் சுரண்டத் தொடங்கின.

"என்னா சொன்னாரு?" என்றாள் அம்மா.

"போறாராம்."

"உன் வேல?"

"இருக்குது."

அம்மாவின் முகம் தெளிந்தது. இவ்வளவு வெயிலில் அப்படித் தெளிந்து மகள் பார்த்ததில்லை. சந்தியா வரப்பில் காறித் துப்பினாள். தொண்டையில் இருந்த புளிப்பு போகவில்லை. மறுபடி துப்பினாள்.

"தண்ணி குடிக்கிறியா? குடிக்கிற பாட்டிலு வேற இருக்குது, நல்ல தண்ணி."

"வேணாம்மா" என்றாள் சந்தியா. சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.