லாரி டியூபில் ஒரு துருத்திக்குழல்

சந்தின் முனையில் பஞ்சர் கடை வைத்திருக்கும் அவரைக் குடியிருப்பில் எல்லோரும் ‘காத்து’ என்றே அழைப்பர். டயருக்குக் காற்றடிப்பது தொழில். துருத்திக்குழல் ஊதுவது ஆசை. அக்குளில் இடுக்கிய தோல்பையில் மூச்சை நிரப்பி, முழங்கையால் அமுக்கி வாசிக்கும் இக்கருவி ஒரு காலத்தில் படைகளுக்கு முன்னே முழங்கியது. பின்னர் சாராயக் கடை வாசலுக்கு இறங்கி, கையேந்துவோரின் அடையாளமாயிற்று. ஆகவே அவர் அதை வாங்கி வந்த வாரமே, வீடுகளில் ஊதக் கூடாதென்று குடியிருப்போர் சங்கம் தீர்மானம் போட்டது. அன்றிலிருந்து கடையின் ஷட்டரை இறக்கிவிட்டு, டயர்களுக்கு நடுவே சுவரைப் பார்த்து அமர்ந்துதான் வாசித்தார்.

கடந்த ஆண்டு நிலைமை தலைகீழானது. தொலைக்காட்சிப் போட்டியொன்றில் கல்லூரி மாணவி ஒருத்தி இக்குழலை வாசித்துப் பரிசு பெற்றாள். தெருவுக்குத் தெரு வகுப்புகள் முளைத்தன. தீர்மானத்தை எழுதிய அதே செயலாளர் கடை தேடி வந்தார்.

“அண்ணே, ஆண்டு விழாவுல நீங்கதான் வாசிக்கணும்.”

“வாசிக்கிறேன் சார். அப்புறம் வீட்டுல வாசிக்க விடுவீங்களா?”

“முதல்ல வாசிங்க. கேட்டுட்டு எல்லாருமா முடிவு பண்ணட்டும்.”

தோல்பையோ கசிந்துகொண்டிருந்தது. அவர் தமக்குத் தெரிந்த வித்தையைக் காட்டினார்: லாரி டியூபை வெட்டி ஒட்டிப் புதுப்பை செய்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. பையைப் பதமாகத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“என்னை ஒரு நாளாவது இப்படித் தாங்கியிருக்கீங்களா?” என்றார் மனைவி.

விழாவில் முதல் பாட்டு அபாரம். இரண்டாவதன் நடுவே குழல் கொப்பளித்தது, கீச்சிட்டது, நின்றேபோனது. மூச்சின் ஈரத்தைத் தோல் உறிஞ்சிக்கொள்ளும், ரப்பர் உறிஞ்சாது. தேங்கிய நீரெல்லாம் ஒலியெழுப்பும் சீவாளியில் ஏறிவிட்டிருந்தது.

“காத்தண்ணே, பஞ்சரா?” என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்க, அரங்கம் குலுங்கிச் சிரித்தது. நிகழ்ச்சியை முடித்துவைக்கச் செயலாளர் மைக்கை நோக்கி நடந்தார்.

மனைவி எழுந்தார். “உக்காருங்க சார். உங்களுக்குத் தீர்மானம் போடத் தெரியும், அவருக்குப் பஞ்சர் ஒட்டத் தெரியும். கொஞ்சம் பொறுங்க.”

காத்து பையைக் கவிழ்த்தார், நீர் சொட்டியது. சீவாளியைக் கழற்றிச் சட்டையில் ஒற்றியபடி, “தப்பு என்னுது. குழலை ஒண்ணும் சொல்லாதீங்க. டயருக்கு நல்லது இதுக்கும் நல்லதுன்னு நெனச்சுட்டேன்” என்றார். கேலி செய்தவரே மேடையேறிப் பையைப் பிடித்துக்கொண்டார். அதன்பின் ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் பை கவிழ்ந்தது. அதற்கும் தனியே கைதட்டல் கிடைத்தது.

வீட்டில் வாசிக்க விடலாமா என்று செயலாளர் சபையின் கருத்தைக் கேட்டார். மேல்வீட்டு நர்ஸ் எழுந்து, “எனக்கு நைட் டியூட்டி. பகல்ல ஊதினா நானே வந்து பையைக் கிழிப்பேன். சாயங்காலம் ஊதட்டும்” என்றார். கைகள் உயர்ந்தன, சற்றுத் தாமதமாகச் செயலாளரின் கையும்.

மறுநாள் மாலை காத்து பழக்கதோஷத்தில் வீட்டுக்குள்ளேயும் சுவரைப் பார்த்தே அமர்ந்தார். மனைவி அவரை நாற்காலியோடு திருப்பினார்.

“சன்னலைப் பாத்து ஊதுங்க. இனிமே யாருக்குப் பயம்?”