பின்வரிசை மூட்டை

என் வீட்டுக்காரர் இலங்கை மலைநாட்டில் மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கணக்கப்பிள்ளையாக இருந்தார். தோட்டத்து அரிசி மூட்டைகளை அடுக்கிவைக்கிற அரிசிக் காம்பராவின் சாவி எப்போதும் அவர் இடுப்பில்தான். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தொழிலாளர்களுக்கு அரிசி போடும்போது அவர் வைத்ததே சட்டம்: முதலில் வந்த மூட்டை முதலில் போகவேண்டும், பின்னால் வந்தது பின்னால் போகவேண்டும். அரிசிக் காம்பராவுக்கு அது நல்ல சட்டம்தான், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த மனிதர் சாவியோடு சட்டத்தையும் இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். என் வயிற்றெரிச்சல் அங்கேதான் தொடங்குகிறது.

நாங்கள் குடிவந்த புதிதில் ஓர் அடைமழைக்குப் பாதை சரிந்து, பதுளையிலிருந்து வரும் மாட்டுவண்டிகள் மேலே ஏற முடியாமல் நின்றுபோயின. பலாக்கொட்டையையும் மரவள்ளிக்கிழங்கையும் அவித்துத் தின்று நாட்களைத் தள்ளினோம். அந்தப் பயம் அவரை விட்டுப் போகவே இல்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்தச் சாமானும் தீர்ந்துபோகக் கூடாது. ஒரு மூட்டை பாதியாகும் முன்பே அடுத்தது வந்து இறங்கிவிடும்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். புது அரிசி வரும், பின்வரிசைக்குப் போகும். முன்வரிசையில் இருப்பதைத் தின்று முடிப்பதற்குள் பின்வரிசையில் இருப்பதும் கெட்டுப்போகும். அப்போது அதைத் தின்னத் தொடங்குவோம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். நல்ல அரிசி வீட்டிலேயே இருக்கும், என் உலையில் மட்டும் விழாது.

கேட்டால், "பழைய அரிசிதான்டி வயித்துக்கு நல்லது, எங்க அப்பா காலத்துல இருந்து அப்படித்தான்" என்பார். அவர் அப்பா திருச்சிப் பக்கத்தில் வெயில் கொளுத்துகிற ஊரில், காய்ந்த குதிரில் நெல்லைக் கொட்டி வைத்தவர். அங்கே அரிசி பழசாகும். இங்கே காலையில் வருகிற மூடுபனி மதியம்வரை வீட்டுக்குள் குந்திக்கொண்டிருக்கும். உப்பு தண்ணீராய் ஓடும், வெல்லம் வியர்க்கும், பருப்பு பச்சை பூக்கும். இங்கே அரிசி பழசாகாது, நாறும். இதை எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

நாங்கள் வேதக்காரர்கள். சாப்பிட உட்கார்ந்தால் முதலில் ஜெபம். இன்றைக்கு வேண்டிய ஆகாரத்தை இன்றைக்குத் தாரும் என்று அவர் கண்ணை மூடி உருகுவார். கண்ணைத் திறந்தால் தட்டில் போன வருஷத்து ஆகாரம் இருக்கும். ஆண்டவர் தந்துகொண்டுதான் இருந்தார், இந்த மனிதர்தான் பின்வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

கிறிஸ்துமஸுக்குத் துரை பங்களாவிலிருந்து ஒரு டின் பிஸ்கோத்து வரும். போன கிறிஸ்துமஸ் டின் இன்னும் பாதி இருப்பதால் அதை முடித்துவிட்டுத்தான் புதியதைத் திறக்கலாம். என் மகள் பல் முளைத்த நாளிலிருந்து மொறுமொறுப்பான பிஸ்கோத்தைக் கடித்ததே இல்லை. பிஸ்கோத்து என்றால் மெத்தென்றுதான் இருக்கும் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தாள்.

அபூர்வமாக வெயில் எட்டிப் பார்த்தால் நான் சாக்கு விரித்து எல்லாவற்றையும் வாசலில் கொட்டிவிடுவேன். உளுந்து, மல்லி, காய்ந்த மிளகாய், கருவாடு, ரவை என்று வாசல் நிறைந்துவிடும். கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் கூடையோடு நின்று, "என்னங்கம்மா, புதுசா கடை போட்டுட்டீங்களா?" என்று சிரிப்பார்கள். ஒருமுறை பூச்சி விழுந்த பயறைக் கோழிக்குப் போட்டுவிட்டேன். கோழிகள் கொத்திப் பார்த்துவிட்டு நகர்ந்துபோயின. அதைக் கண்டுவிட்ட என் வீட்டுக்காரர் பயறை ஒன்றுவிடாமல் பொறுக்கிக் கொண்டுவந்தார்.

"கோழியே தின்னலையேங்க" என்றேன்.

"கோழிக்குப் பழக்கமில்ல" என்றார். அன்று இரவு பயற்றங்கஞ்சி.

இப்படி இருக்கும்போதுதான் மகளுக்கு ஹாலிஎலவிலிருந்து சம்பந்தம் வந்தது. பையன் அங்கே ஒரு தோட்டத்து ஆபீசில் கிளாக்கர் வேலை. எங்களைப் போல வேதக்காரக் குடும்பம்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பையனும் தாய்தகப்பனும் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் முந்திக்கொண்டது. இந்தச் சோற்றையா அவர்கள் முன்னால் வைப்பது? பின்வரிசையில் அப்போதுதான் பதுளையிலிருந்து வந்திறங்கிய சம்பா மூட்டை, தையல் பிரிக்காமல் நின்றது. அதன் பக்கம் போனாலே மணம் வரும்.

"என்னங்க, ஞாயித்துக்கெழம மட்டும் அந்தப் புது மூட்டையப் பிரிச்சுக்கிறேன்."

"முன்ன இருக்கிறது முடியட்டும். முடிஞ்சா தாராளமாப் பிரி."

முடிந்தால்தானே? சரி, முடித்துக் காட்டுகிறேன் என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டேன். அந்த வாரம் எங்கள் வீட்டில் நடந்தது சமையல் இல்லை, யுத்தம். காலையில் கஞ்சி, நடுவில் புட்டு, மதியம் சோறு, சாயங்காலம் மாவு வறுத்து உருண்டை, இரவில் மறுபடி சோறு. வீட்டு வாசலில் தலை காட்டியவர்களையெல்லாம் பிடித்து உட்காரவைத்துச் சோறு போட்டேன். தபால் கொண்டுவந்தவர் இரண்டாம் நாளிலிருந்து வேலியில் தபாலைச் செருகிவிட்டு ஓட ஆரம்பித்தார். என் மகள் அரிசி இடித்து இடித்துக் கை கொப்பளித்துப் போனாள், ஆனாலும் ஒரு வார்த்தை முனகவில்லை. அவளுக்கும் தெரியும், இது அவளுக்காக நடக்கிற யுத்தம்.

சனிக்கிழமை மாலை வெறும் சாக்கை உதறி அவர் முன்னால் போட்டேன். "முடிஞ்சிருச்சு. இப்பப் பிரிக்கலாமா?"

அவர் சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். பிறகு முகம் மலர்ந்து அறைக்குள் போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு மூட்டையை இழுத்துக்கொண்டு வந்தார். பாதை அடைபட்டால் ஆகும் என்று எப்போதோ தள்ளி வைத்து, அவரே மறந்துபோன மூட்டை. சாக்கின் ஒரு பக்கம் பூஞ்சை படர்ந்து கறுத்திருந்தது.

"நல்ல வேளை, ஞாபகப்படுத்தின. இது அதுக்கும் முந்தினது" என்றார்.

நான் அழவில்லை. அழுதால் அந்த ஈரத்துக்கும் சேர்த்து அரிசி நாறும் என்று பேசாமல் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த அரிசியைத்தான் புடைத்து, கழுவி, மறுபடி கழுவி, உலையில் மணத்துக்கு ரம்பை இலை போட்டுப் பொங்கினேன். கோழிக் குழம்பை நல்ல காரமாக வைத்தேன், சோற்று நாற்றம் அடங்கட்டும் என்று. எங்கள் வழக்கப்படி ஆண்கள் முதலில் சாப்பிட உட்கார்ந்தார்கள். கதவிடுக்கில் நின்று பார்த்தேன். பையன் தலையைக் குனிந்து, குழம்பை அள்ளி அள்ளி ஊற்றி விழுங்கினான். பையனின் தகப்பனார் ஒரு கவளம் வாயில் போட்டு, மென்று, நிறுத்தினார்.

"பழைய அரிசிங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றார் என் வீட்டுக்காரர், நெஞ்சை நிமிர்த்தி.

"அதானே பார்த்தேன். நம்ம வீட்லயும் இதுதாங்க. புதுசு மந்தம்!"

வேலிக்கு ஓணான் சாட்சி. சாப்பாடு முடிந்ததும் சம்பந்திகள் இருவரும் சாமான் அறைக்குள் போய், எது முன்வரிசை எது பின்வரிசை என்று பிள்ளையைக் கொஞ்சுவதுபோல மூட்டைகளைத் தட்டித் தட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இனம் இனத்தோடு சேர்ந்துவிட்டது. சம்பந்தம் முடிந்தமாதிரிதான்.

அடுப்படியில் பையனின் தாயார் என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனுஷி, மெலிந்த உடம்பு. "எங்க வீட்லயும் இப்படித்தாங்க. கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து ஒரு வாய் நல்ல சோறு தின்னதில்ல. என் மகனும் அவங்கப்பா சொன்னா சரிம்பான்." பிறகு எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்துச் சொன்னார்: "உங்க பொண்ணுக்குக் கஷ்டமா இருக்காதுங்க. பழகிப் போயிருக்கும்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இதற்கா பெற்றேன்? இங்கே பழகி, அங்கே போய் இதையே தின்று, இந்த அம்மாளைப் போல மெலிந்து, நாளைக்கு இன்னொரு பெண்ணின் கையைப் பிடித்துப் பழகிப் போயிருக்கும் என்று சொல்வதற்கா? சம்பந்தம் வேண்டாம் என்று கூடத்துக்குப் போய்ச் சொல்லிவிடுவது என்று எழுந்தேன்.

அதற்குள் அடுப்படி மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த என் மகள் எழுந்துவிட்டாள். கத்தியை எடுத்துக்கொண்டு நேராகச் சாமான் அறைக்குப் போனாள். இரண்டு பெரியவர்களும் பேச்சை நிறுத்தி வழிவிட்டார்கள். சம்பா மூட்டையின் தையலைச் சரசரவென்று அறுத்து, முறம் நிறைய அள்ளிக்கொண்டு வந்து உலை வைத்தாள். சோறு பொங்கி வாசனை கூடம்வரை போனதும் ஆண்கள் அடுப்படி வாசலில் வந்து நின்றார்கள்.

அவள் அவர்களைப் பார்க்கவில்லை. பையனின் தாயாருக்கு ஆவி பறக்கப் பரிமாறிக்கொண்டே, வாசலில் நின்றவர்களுக்கும் கேட்கிறமாதிரி சொன்னாள்: "அத்தை, நான் உங்க வீட்டுக்கு வந்தா வர்ற மூட்டையத்தான் முதல்ல பிரிப்பேன். பழசு கோழிக்கு. அதுக்குச் சம்மதம்னா பேசி முடிங்க, இல்லன்னா நான் வரல."

"அதெப்படிம்மா…" என்று பையனின் தகப்பனார் ஆரம்பித்தார். என் வீட்டுக்காரரும் கூடவே வாயைத் திறந்தார்.

"சம்மதம்" என்றார் அந்த அம்மாள். வாய் நிறையச் சோறு. விழுங்கிவிட்டு மறுபடியும், இந்தமுறை தன் வீட்டுக்காரரைப் பார்த்து, "சம்மதம்னு சொல்லிட்டேன்" என்றார். தட்டை இன்னொரு கரண்டிக்கு நீட்டினார்.

நானும் என் மகள் வைத்த அந்தச் சோற்றை வயிறாரச் சாப்பிட்டேன். வெறும் சோறே இனித்தது. இனி நமக்கும் விடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

மறுநாள் காலையில் சாமான் அறைக்குப் போனேன். அறுத்த தையலைச் சாக்கு ஊசியால் நெருக்கித் தைத்து, சம்பா மூட்டையை என் வீட்டுக்காரர் பழையபடி பின்வரிசையில் வைத்திருந்தார்.