அண்ணன் பேர்ல வந்த மெயில்

எனக்குக் கோபம் ஜாஸ்தி. தெருவிளக்கு எரியலன்னா நகராட்சிக்கு போன், பஸ்ல மீதிச் சில்லறை தரலன்னா டிப்போவுக்கு லெட்டர். உங்களுக்கு லாட்டரி விழுந்திருக்கு, பேங்க் விவரம் அனுப்புங்கன்னு மெயில் வந்தா சும்மா அழிச்சிட்டுப் போற ஆள் நான் இல்ல. சிதம்பரத்துல ஒரு ஸ்கூல் ஆபீஸ்ல எனக்கு வேலை. மேசையிலயே கம்ப்யூட்டர் இருந்துது. மத்தியானம் சாப்புடுற நேரத்துல அதையெல்லாம் டெல்லியில இருக்கற அரசாங்க முகவரிக்கும், அந்தந்த இமெயில் கம்பெனிக்கும் ஃபார்வர்ட் பண்ணுவேன். "உங்கள் புகார் பதிவாகிவிட்டது, நன்றி"ன்னு ஒரு மெஷின் பதில் போடும். அதோட சரி. மறுநாள் அதே லாட்டரி வேற பேர்ல விழும். "நீ கம்ப்ளெயிண்ட் குடுக்கலன்னா டெல்லியே படுத்துடும்"னு வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவாரு. பண்ணிட்டுப் போகட்டும். திருட்டுப்பயலப் பாத்துட்டு வாய மூடிக்கிட்டு இருக்க எனக்கு வராது.

அப்படிப்பட்ட எனக்கு ஒரு நாள் எங்க அண்ணன்கிட்டேருந்து மெயில் வந்துது.

அண்ணன் செத்து அப்பவே பல வருஷம் ஆயிருந்துது. செத்துன்னு நான் சொல்றேன். அண்ணி அப்படிச் சொல்ல மாட்டாங்க. சுனாமி வந்த ஞாயித்துக்கிழமை காலையில, மீன் வாங்கியாறேன்னு பைக்க எடுத்துக்கிட்டு கிள்ளைப் பக்கம் போனவரு. பைக் கெடச்சுது, சேத்துல தலைகுப்புற. அவரு கெடைக்கல. அப்பா எடம் எடமா போய், வரிசையா கெடத்தியிருந்த ஒடம்புங்க மேல இருந்த துணியத் தூக்கித் தூக்கிப் பாத்துட்டு வந்தாரு. அப்புறம் தாலுகா ஆபீசுக்கு நடையா நடந்து இறப்புச் சான்றிதழ் வாங்கி பீரோவுல வச்சாரு. அண்ணி அதத் தொடவே இல்ல. "ஒடம்பக் காட்டுங்க, நம்புறேன்"னாங்க. கருமாதி பண்ண உடல. கைக்கொழந்தையா இருந்த பொண்ணு பேச ஆரம்பிச்சதும், அப்பா வெளியூர் போயிருக்காருன்னு சொல்லிச் சொல்லியே வளத்தாங்க.

அண்ணி நர்ஸ். கடலூர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில வேலை கெடச்சதும் மஞ்சக்குப்பத்துல வாடகைக்கு வீடு எடுத்து பொண்ணோட போயிட்டாங்க. டியூட்டி முடிஞ்சு வர்ற வழியில ஒரு பிரவுசிங் சென்டர். அங்க உக்காந்து தன்னோட மெயில்லேருந்து அண்ணனுக்கு எழுதுவாங்க. தமிழ்தான், ஆனா இங்கிலீஷ் எழுத்துல. அப்பல்லாம் நாங்க எல்லாருமே அப்படித்தான் எழுதுவோம். அப்புறம் அண்ணனோட பாஸ்வேர்டப் போட்டு அவரோட அக்கவுண்டையும் தொறப்பாங்க. ரொம்ப நாள் தொறக்காம கெடந்தா கம்பெனிக்காரன் மூடிடுவான்னு பயம். இவுங்க அனுப்புனதெல்லாம் படிக்காத மெயிலா, தடிச்ச எழுத்துல வரிசையா நிக்கும். அதுல ஒண்ணக்கூட க்ளிக் பண்ண மாட்டாங்க. "அது அவுங்க படிக்கவேண்டியது பாப்பா"ன்னு என்கிட்ட சொன்னாங்க.  

ஒரு சாயங்காலம் அண்ணி போன் பண்ணாங்க. ஓடி வந்த மாதிரி மூச்சு வாங்குது.

"பாப்பா, அவுங்க படிச்சிருக்காங்க."

"யாரு அண்ணி?"

"உங்க அண்ணன்தான். இப்பதான் பாத்தேன். ஒண்ணுகூட தடிச்ச எழுத்துல இல்ல. அத்தனையும் தொறந்து படிச்சிருக்காங்க பாப்பா!"

அண்ணிக்கு ஒடம்பு சரியில்லயோன்னுதான் மொதல்ல நெனச்சேன். மறுபடி போய்ப் பாத்தப்ப பாஸ்வேர்டும் மாறியிருந்துதாம். "அவுங்கதான் மாத்தியிருக்காங்க"ன்னாங்க. அதுக்குள்ள எனக்கும் மெயில் வந்துடுச்சு. அண்ணிக்கும் வந்துது, அண்ணன்கூட படிச்சவங்களுக்கெல்லாம் வந்துது. மேல அண்ணன் பேரு. லண்டன்ல மாட்டிக்கிட்டேன், பையும் பாஸ்போர்ட்டும் திருடு போயிடுச்சு, அவசரமா பணம் அனுப்புங்க, வெளியில யார்கிட்டயும் சொல்லாதீங்க. எல்லாம் இங்கிலீஷ்ல. இதே மெயில, இதே திருட்டுப் பையோட, வேற வேற பேர்ல எத்தனை தடவ நான் டெல்லிக்கு அனுப்பியிருப்பேன்! பாத்த ஒடனே தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும், அந்தப் பேரப் பாத்ததும் "அண்ணா"ன்னு வாய்விட்டுக் கூப்புட்டுட்டேன். ஆபீஸ்ல எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க.

லீவு போட்டுட்டு கடலூர் பஸ் ஏறினேன். நேரா போலீசுக்குத்தான் போனேன்.

"பணம் போயிடுச்சாம்மா?"ன்னாரு அங்க இருந்த அதிகாரி.

"இன்னும் போகல சார்."

"போகலன்னா என்னன்னு கேஸ் எழுதறது?"

"அப்ப வீட்டுக்குள்ள திருடன் பூந்தா, அவன் பீரோவத் தொறக்கற வரைக்கும் பாத்துக்கிட்டு நிக்கணுமா சார்?"

அவரு கோச்சுக்கல. பாவம், நல்ல மனுஷன்தான். "அக்கவுண்ட் யாரோடது?"ன்னு கேட்டாரு. எங்க அண்ணனோடதுன்னேன். "அவர வந்து எழுதிக் குடுக்கச் சொல்லுங்க"ன்னாரு.

 அப்புறம்தான் வெவரம் சொன்னேன்.  இவன் எந்த நாட்டுல உக்காந்திருக்கானோ, இங்கேருந்து புடிக்கறது கஷ்டம்னு ஒளிக்காம சொல்லிட்டாரு. "எறந்தவங்க அக்கவுண்ட்னு சர்டிபிகேட் வச்சு கம்பெனிக்கு எழுதுங்க, மூடிடுவாங்க. அவரோட சம்சாரம் கையெழுத்துப் போடணும்." அந்தக் கையெழுத்த எப்படி வாங்குறதுன்னு யோசிச்சுக்கிட்டேதான் அண்ணி வீட்டுக்கு நடந்தேன்.

அங்க அண்ணி வளையலக் கழட்டி கைக்குட்டையில முடிஞ்சுக்கிட்டு இருந்தாங்க. அடகு வச்சு அனுப்பப் போறாங்களாம்.

"அண்ணி, ஏமாந்துடாதீங்க. இது திருட்டு வேலை."

"ஒனக்கு எல்லாமே திருட்டு வேலைதான். அவுங்க எனக்குப் பதில் போட்டுட்டாங்க தெரியுமா? பொண்ணுகிட்டகூட அப்பா வரப் போறாருன்னு சொல்லிட்டேன்."

கையோட பிரவுசிங் சென்டருக்கு இழுத்துக்கிட்டுப் போய் அந்தப் பதிலக் காட்டுனாங்க. அன்பே, உன் மெயிலெல்லாம் படிச்சேன், ஃபீவர் பத்தி தெரியும், ஸ்கூல் பத்தி தெரியும், ஐசியூ பத்தி தெரியும், எல்லாம் சீக்கிரம் நல்லா ஆயிடும், மொதல்ல பணம் அனுப்பு. இப்படி, அதுவும் இங்கிலீஷ்ல இருந்துது.  கொழந்தைக்கு ஃபீவர் வந்து கெடந்தது நெசம். எங்க அப்பா ஐசியூவுல இருந்தது நெசம். "இது வேற ஒருத்தனுக்கு எப்படித் தெரியும், சொல்லு"ங்கறாங்க அண்ணி. சத்தியமா சொல்றேன், கொஞ்ச நேரம் நானும் நம்புனேன். அண்ணன் எங்கயோ கரை ஒதுங்கி, கப்பல்ல எவனோ தூக்கிக்கிட்டுப் போய், நெனப்புத் தப்பி... என்னென்னமோ தோணுது. ஆசை யார விட்டுது.

அண்ணி அனுப்புன பழைய மெயிலத் தொறந்து படிச்சேன். ஐசியூன்னு எழுதியிருந்த அதே வரியிலதான் "மாமா போயிட்டாங்க, கொள்ளி வைக்க நீங்க இல்லயே"ன்னும் எழுதியிருந்தாங்க. பெத்த அப்பன் செத்ததுக்கு மகன், எல்லாம் சீக்கிரம் நல்லா ஆயிடும்னா எழுதுவான்? அப்பதான் வெளங்குச்சு. நம்ம பேச்சுல கலந்து கெடக்கற இங்கிலீஷ் வார்த்தைங்கள மட்டும் அந்தப் பாவி பொறுக்கியெடுத்திருக்கான்.

"அண்ணி, ஒரு வார்த்தை இங்கிலீஷ் கலக்காம என்னமாவது கேளுங்க."

 அண்ணி "சாப்டீங்களா"ன்னு மட்டும் அடிச்சு அனுப்புனாங்க. வேறென்ன கேப்பாங்க.

அந்தப் பக்கம் பணத்துக்குக் காத்துக்கிட்டு உக்காந்திருந்தான் போல, ஒடனே பதில் வந்துது. அன்பே, எனக்கு இது புரியல, தயவுசெஞ்சு இங்கிலீஷ்ல எழுதுன்னு.

அண்ணி கத்தல, அழல. "சாப்டீங்களான்னுதானே கேட்டேன்"னு முனகுனாங்க. வீட்டுக்கு நடக்கறப்ப, போலீஸ்காரர் கையெழுத்து பத்திச் சொன்னத நான் சொன்னேன். வாசல்ல நின்னு, "எங்க கையெழுத்துப் போடணும் பாப்பா?"ன்னாங்க.

அப்பாவோட பீரோவுலேருந்து சான்றிதழ எடுத்து, அண்ணி கையெழுத்தோட ஸ்கேன் பண்ணி இமெயில் கம்பெனிக்கு அனுப்புனேன். இந்தத் தடவ மெஷின் இல்ல, மனுஷங்களே பதில் போட்டாங்க. அதக் குடு, இதக் குடுன்னு கேட்டு, கடைசியில அக்கவுண்ட நிரந்தரமா மூடிட்டோம், உங்க இழப்புக்கு வருந்துறோம்னு எழுதுனாங்க. இத்தனை வருஷத்துல என் புகார் பலிச்சது அது ஒண்ணுதான். அடி சக்கைன்னு மேசையத் தட்டுனேன். தட்டுன கை அப்படியே நின்னுபோச்சு. கடல் கொண்டுபோன அண்ணன நான் இன்னொரு தடவ கொண்டுபோய்ப் பொதச்சுட்டு வந்தாப்புல இருந்துது. இன்னைக்கும் அப்படித்தான் இருக்கு. பண்ணது சரின்னு அறிவு சொல்லுது, மனசு கேக்க மாட்டேங்குது.

போன்ல சொல்லத் தைரியம் இல்லாம நேர்ல போனேன். அண்ணி கேட்டுக்கிட்டு, "வா"ன்னு பிரவுசிங் சென்டருக்கே கூட்டிக்கிட்டுப் போனாங்க. எப்பவும் போல அண்ணனோட முகவரியப் போட்டு என்னமோ எழுதி அனுப்புனாங்க. என்ன எழுதுனாங்கன்னு நான் பாக்கல. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள அது திரும்பி வந்துது. இந்த முகவரியில் யாரும் இல்லைன்னு இங்கிலீஷ்ல இருந்துது. அண்ணி வெரல் வச்சு ஒவ்வொரு வார்த்தையா படிச்சாங்க.

"இல்லயாம் பாப்பா."

அப்புறம் மாருல அடிச்சுக்கிட்டு ஒரு அலறல். "என்ன உட்டுட்டுப் போயிட்டீங்களே"ன்னு, எழவு வீட்டுல அலறுற அலறல். கம்ப்யூட்டர் முன்னாடி இருந்தவங்க எல்லாம் எழுந்து நின்னுட்டாங்க. நான் அண்ணியக் கட்டிப் புடிச்சுக்கிட்டேன். நானும் அன்னைக்குத்தான் அண்ணனுக்காக வாய்விட்டு அழுதேன்.

அழுது ஓஞ்சதும் முந்தானையால மொகத்தத் தொடச்சுக்கிட்டாங்க. "ஸ்கூல் உடற நேரம். நீ போய் அவளக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வா. அப்பா செத்துட்டாருன்னு நான் சொல்லிடறேன்."

ஸ்கூல் கேட்டுகிட்ட போய் நின்னேன். சனி ஞாயிறுல மட்டும் வர்ற அத்தை வேலை நாள்ல நிக்கறதப் பாத்ததும் பொண்ணு புத்தகப் பையோட ஓடியாந்தா. வர்றப்பவே கத்துனா.

"அத்தை, அப்பா வந்துட்டாரா?"