பொட்டலப் புழு வந்த வருடம்

கோலசிலாங்கூர் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றின் ஓரத்தில் எங்கள் வீடு. கணவர் அந்தத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறார். நான் ராவாங்கில் ஒரு தொழிற்சாலைக்குப் போய் வருகிறேன். கம்பெனி பஸ் தோட்டத்து முனையில் இறக்கிவிடும். அங்கிருந்து மரங்களுக்கு நடுவே நடந்துதான் வீட்டுக்கு வர வேண்டும்.

அந்த வருடம் கடும் வெயில். ஒரு பிற்பகல் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது தூறல் விழும் சத்தம் கேட்டது. குடையை விரித்தேன். குடை நனையவில்லை. வானம் வெளுத்துக் கிடந்தது. ஆனாலும் இரண்டு பக்கமும் காய்ந்த மட்டைகளின் மேல் சடசடவென்று ஏதோ விழுந்துகொண்டே இருந்தது. கையை நீட்டினேன். உள்ளங்கையில் கடுகைவிடச் சிறிய கறுப்புத் துணுக்குகள். வேர்த்துப்போய் வீடுவரை ஓடினேன்.

"அது புழு போடுற எச்சம்" என்றார் கணவர். "ஓலை பூரா ஏறிடுச்சு. தின்னுக்கிட்டே இருக்கு."

மலாய்க்காரர்கள் அதை உலாட் புங்குஸ் என்பார்கள், பொட்டலப் புழு. ஓலைத் துணுக்குகளை ஒட்டித் தன்னைச் சுற்றி ஒரு பை கட்டிக்கொண்டு, தலையை மட்டும் நீட்டித் தின்னும். சில வாரங்களில் மரங்கள் தீயில் கருகியது போல ஆகிவிட்டன. புகை வாடை மட்டும் இல்லை.

பிறகு வீட்டுக்கு வந்தன. கணவரின் அக்கா எங்களோடுதான் இருக்கிறார்; அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். காய்ந்த துணியை எடுக்கப் போனவர் என்னைக் கூப்பிட்டார்.

"இங்க வா தாயி. சட்டையில இது என்னா, பொத்தான் மாதிரி தொங்குது?"

நாங்கள் பார்க்கப் பார்க்க அந்தப் பொத்தான்கள் காலரை நோக்கி நகர்ந்தன.

அந்த வாரம் வீட்டில் ஒரு பூசை. வாசல் நிலையில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தோம். சில நாளில் கயிற்றில் நரம்புகள்தான் மிச்சம். இலைகளுக்குப் பதிலாகச் சின்னச் சின்னப் பைகள் வரிசையாகத் தொங்கின. மாவிலையாலேயே கட்டிய பைகள். அண்ணி கயிற்றை அறுத்து, கொல்லையில் போட்டுக் கொளுத்தினார்.

தோட்டத்தில் மருந்து அடித்தார்கள். கணவர்தான் டிராக்டர் ஓட்டினார். புழுக்களோடு வண்டு, தேனீ, சிலந்தி எல்லாம் உதிர்ந்தன. சத்தம் நின்றது. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பாதையில் நடக்கும்போது என் செருப்புச் சத்தத்தைத் தவிர ஒன்றுமே கேட்கவில்லை. யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது போலிருந்தது. அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

கொஞ்ச காலத்தில் தூறல் திரும்பவும் தொடங்கியது, முன்னைவிடப் பலமாக.

கணவர் ஒரு பையைக் கொண்டுவந்து பிளேடால் கீறிக் காட்டினார். உள்ளே வெளிறிய ஒரு தோல், அது நிறைய முட்டை.

"இது பொட்டை. றெக்க கெடையாது. பையை விட்டு வெளிய வராது, உள்ளயே முட்ட வச்சு உள்ளயே சாவுது. நாங்க அடிச்ச மருந்து இந்த முட்டைக்கு எட்டல. இந்தப் புழுவ அழிக்கிற குளவிதான் செத்துச்சு."

"குளவி திரும்பி வராதா?"

"எப்படி வரும்? கீழ இருந்த பூண்டு, பூவு எல்லாத்தையும் களைன்னு மருந்தடிச்சு மொட்டையாக்கிட்டோம். அது என்னாத்த குடிக்கும்? பார்க்க வந்த விவசாய ஆபீசர் இதத்தான் கேட்டாரு."

அதன்பின் களைக்கு மருந்தடிப்பதைக் குறைத்தார்கள். பாதையோரம் மஞ்சள் பூச்செடிகளை நட்டார்கள். ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. மெல்லிய இடுப்புள்ள சிறு குளவிகள் பூக்களில் தெரிந்தன. செத்துப்போன மரங்களை இயந்திரம் வைத்துச் சாய்த்தார்கள். மற்றவை கருகிய மட்டைகளுக்கு நடுவிலிருந்து பச்சைக் குருத்து விட்டன.

போன மாதம் அண்ணியும் நானும் அந்த வழியாக நடந்து வந்தோம். பழைய மட்டைகளில் பைகள் இன்னும் தொங்கின. அவர் ஒன்றைப் பிய்த்து வெளிச்சத்தில் பிடித்தார். பக்கவாட்டில் ஊசி குத்தியது போல ஒரு துளை.

"உள்ள ஒண்ணுமே இல்ல லா" என்றார்.

தாய்க் குளவி பைக்குள் வைத்த முட்டையிலிருந்து வந்த குஞ்சு உள்ளேயே புழுவைத் தின்று முடித்து, அந்த வழியாக வெளியே வந்திருக்கிறது. தலைக்கு மேலே பார்த்தேன். எல்லாப் பைகளிலும் துளை இருந்தது. நல்ல செய்திதான். ஆனாலும் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்; நாங்கள் கொஞ்சம் வேகமாகவே நடந்தோம்.