கூப்பிட்டால் திரும்பாதவர்

போன வாரம் வீட்டில் பாகு அடிபிடித்துவிட்டது. மருமகள் அதிரசத்துக்கு வெல்லம் காய்ச்சிக்கொண்டே கைப்பேசியில் ஏதோ பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். அவள் அலுவலகத்தில் எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறார்களாம். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னால், நீங்கள் சிவப்பா மஞ்சளா பச்சையா நீலமா என்று உங்கள் குணத்தை நிறமாகச் சொல்லிவிடுமாம். “மாமா, நீங்க கண்டிப்பா நீலம்” என்றாள். கருகிய வாசனை கூடத்துக்கு வந்த பிறகுதான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். அணைத்துக்கொண்டே சொன்னாள்: “எங்க டீம்ல ஒருத்தன் சுத்த சிவப்பு. அவனை இனிமே மீட்டிங்குக்கே கூப்பிடறதில்லைன்னு முடிவு பண்ணிட்டாங்க.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எரிச்சல் அந்த வாசனையாலா, அவள் பேச்சாலா என்று பிரிக்கத் தெரியவில்லை. கருகிய வெல்லத்தின் வாசனைதான் நான் முதன்முதலில் வேலை பார்த்த இடத்தின் வாசனை.

திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு இரும்பு வார்ப்புத் தொழிற்சாலை. அறுபதுகளின் கடைசி. பெயர் எதற்கு, விடுங்கள். அச்சு பிடிக்கும் மணலில் கழிவு வெல்லப்பாகைக் கலந்து பிசைவார்கள். அதில் உருகிய இரும்பை ஊற்றும்போது தொழிற்சாலை முழுக்க ஏதோ பண்டிகை வீடு மாதிரி மணக்கும். அடுத்த நிமிடம் புகையில் கண் எரியும். நான் அங்கே டைம் ஆபீஸ் குமாஸ்தா. தெற்கத்திக்காரன். டோல்கேட்டில் சித்தப்பாவின் மளிகைக் கடையில் தங்கிக்கொண்டு சைக்கிளில் வேலைக்குப் போவேன். கடை வாசலில் நிழல் விழுந்ததுமே “வாங்க, என்ன வேணும்?” என்று கேட்காவிட்டால் சித்தப்பா முதுகில் ஒன்று வைப்பார். கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொல்லாதவன் திமிர் பிடித்தவன் என்பதுதான் எனக்குத் தெரிந்த மனோதத்துவம்.

அந்தக் கணக்கில் சேவியரைப் போலத் திமிர் பிடித்த ஆள் உலகத்திலேயே கிடையாது. ராயபுரத்துக்காரர். கூரையை ஒட்டி ஓடும் பெரிய கிரேனின் கூண்டில் உட்கார்ந்து, மணல் அச்சுப் பெட்டிகளையும் உருகிய இரும்பு நிறைந்த கொப்பரையையும் தூக்கி நகர்த்துவது அவர் வேலை. வேலையில் சேர்ந்த மாதம் ஒரு லீவுச் சீட்டுக்காகக் கீழே நின்று “சேவியர் அண்ணாச்சி! சேவியர் அண்ணாச்சி!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவர் திரும்பவேயில்லை. அந்தப் பக்கத்தில் அண்ணாச்சி என்றால் மளிகைக் கடைக்காரர். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து எனக்கே அண்ணாச்சி என்று பெயர் விழுந்துவிட்டது. அந்த அவமானத்தை நான் பத்திரமாக வைத்திருந்தேன்.

இரண்டு வருஷம் கழித்துப் பணியாளர் அதிகாரி என்று ஒருவர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை. ஆளுக்கொரு அட்டை அச்சடித்துக் கொண்டுவந்தார். ஒத்துழைப்பவர், ஒத்துழைக்காதவர், கலகலப்பானவர், ஒதுங்கியவர் என்று கட்டங்கள். “ஆள் எந்த ரகம்னு தெரிஞ்சா எங்கே போடறதுன்னு தெரிஞ்சிடும்” என்றார். மேஸ்திரிக்கு எழுத வராது. அவர் பொதுவாகத் தலையாட்ட, நான் டிக் அடித்தேன். சேவியரின் அட்டையில் ‘கூப்பிட்டால் உடனே பதில் தருவாரா?’ என்று ஒரு கேள்வி. இல்லை என்பதில் பேனாவை அழுத்தி டிக் போட்டேன். பக்கத்திலிருந்த ‘ஒத்துழைக்காதவர்’ கட்டத்திலும் போட்டேன். அதை யாரும் கேட்கக்கூட இல்லை.

பதினைந்து நாளில் சேவியரைக் கிரேனிலிருந்து இறக்கி, வெளியே பழைய இரும்பு பிரிக்கிற இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். கூண்டில் ஏகாம்பரம் ஏறினார். இரும்பு ஊற்றும் கூட்டத்தில் இருந்தவர் அவர். அவர் வாய் ஓயாததால்தான் அந்தச் சூட்டில் மற்றவர்கள் சோராமல் நின்றார்கள். சேவியர் லீவு போட்டால் லேசான சுமைக்கு மட்டும் கிரேன் ஓட்டுவார். அட்டையில் கலகலப்பானவர், ஒத்துழைப்பவர் என்று எல்லாமே நல்ல டிக். அவர் டைம் ஆபீஸ் ஜன்னலில் வந்து நின்றார். “எனக்கு வோணாம் அண்ணாச்சி. நம்மளுக்கு யார்னா கூப்ட்டா திரும்பாம இருக்க முடியாது. ஆபீசராண்ட சொல்லேன்.” சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை.

ஒருநாள் காலை, மணல் பெட்டி அந்தரத்தில் தொங்குகிறது. கீழே சங்கிலியைப் பிடித்துக்கொண்டு கலாசி கண்ணன். சங்கிலி மாட்டி, மேலே இருப்பவருக்குக் கையால் ஜாடை காட்டுவது கலாசியின் வேலை. நடைபாதையிலிருந்து அந்த அதிகாரியே “ஏகாம்பரம்!” என்று கூப்பிட்டார். அவர் உருவாக்கிய ஒத்துழைப்பாளர் அல்லவா, “இன்னா சார்?” என்று உடனே திரும்பினார். கை கிரேன் பிடியை ஒரு நொடி கூடுதலாகத் தள்ளிவிட்டது. பெட்டி இறங்கியபோது கண்ணனின் வலது கை அதற்கு அடியில் இருந்தது. இரண்டு விரல்கள் போயின.

விசாரணை அறிக்கையில் ‘ஓட்டுநரின் கவனக்குறைவு’ என்று எழுதினார்கள். கூப்பிட்டது யார் என்று ஒரு வரி கிடையாது. ஏகாம்பரத்தைப் பழையபடி இரும்பு ஊற்ற அனுப்பினார்கள். அதற்கப்புறம் அவர் வேலையில் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் சேவியர் வீட்டைத் தேடிப் போனேன். மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்து. சந்து முனையிலேயே சத்தம். கேரம் பலகையைச் சுற்றிப் பத்துப் பேர், நடுவில் ஒருவர் ஓயாமல் பேசுகிறார், கலாய்க்கிறார், பாதிப் பாட்டு பாடுகிறார். அது சேவியர்.

“தோ பார்றா, நம்ம அண்ணாச்சி! வா, குந்து. அல்போன்ஸு, ஒரு டீ சொல்லு நைனா!”

நான் மலைத்துப் போய், “வேலையில ஒரு வார்த்தை பேச மாட்டீங்களே?” என்றேன்.

“மேல குந்திகினு கீறப்போ எனக்கு இன்னா வாய்? கீய கண்ணன் கை இன்னா சொல்லுதோ அதான் நம்மளுக்குப் பேச்சு. நீ கூப்ட்டேன்னு திரும்புனா பொட்டி யார் தலைமேல போவும்? எவன் வோணா கத்தட்டும், காதுல வாங்கக்கூடாது. எவனாவது ‘நில்லு’ன்னு கை காட்டுனா மட்டும் நிக்கணும். அது தரை கூட்டுறவன் காட்டுனாலும் நிக்கணும்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “கண்ணன் கை இப்போ எப்டி கீது?”

அந்த டிக்கை நான்தான் போட்டேன் என்று சொன்னேன். ஸ்டிரைக்கரைப் பலகை ஓரத்தில் வைத்தார். “இன்னா ஏதுன்னு என்னாண்ட ஒரு வார்த்தை கேட்டியா?” என்றார். அவ்வளவுதான். டீ வந்தது. குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்.

மறுநாள் அதிகாரியிடம் போய் அட்டையைத் திருத்தவேண்டும் என்றேன். “ஆளுக்கு ஆள் மாத்திக்கிட்டே இருந்தா பதிவுக்கு என்ன மதிப்பு?” என்றார். அந்த ஆளின் சட்டைக் காலரைப் பிடித்திருக்க வேண்டும். “சரி சார்” என்று திரும்பி வந்தேன். சேவியர் மறுபடி கிரேன் ஏறவேயில்லை. கூரையைப் பார்க்கக்கூடாது என்பது போல, கடைசிவரை வெயிலில் பழைய இரும்பையே பிரித்துக்கொண்டிருந்தார்.

இன்று அந்தத் தொழிற்சாலை இல்லை. அந்த இடத்தில் கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. கிரேனைத் துண்டு துண்டாக வெட்டிச் சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் எடைக்குப் போட்டார்கள் என்று கேள்வி. சேவியர், கண்ணன், ஏகாம்பரம் மூவருமே போய்விட்டார்கள். கருகிய வெல்ல வாசனை எங்கள் அடுப்படியில்தான் மிச்சம்.

அன்று மருமகள் அந்தக் கருகிய பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். “அந்தச் சிவப்புப் பையன் மீட்டிங்கில் அப்படி என்னம்மா செய்தான்?” என்று கேட்டேன்.

“தெரியலையே மாமா” என்றாள். “நான் அவன்கிட்ட பேசினதே இல்லை.”