ஓடாத லோரிக்கு நான் அடித்த ஆணிகள்

ஜப்பான்காரன் காலத்தில் நான் ஒரு வீடு கட்டினேன். சக்கரம் வைத்த வீடு. மலைமேல் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அதைப் பார்க்க வராத ஆள் இல்லை, பார்த்துவிட்டுச் சிரிக்காமல் போன ஆளும் இல்லை.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சிங்கப்பூருக்கு ஓடிய பிறகு, நல்ல லோரிகளையெல்லாம் ஜப்பான்காரன் ஓட்டிக்கொண்டு போய்விட்டான். தேயிலை ஆலைக்குப் பின்னால் கிழட்டு லோரி ஒன்று மட்டும் கிடந்தது. நான் அந்த ஆலையில் பிட்டர், மெஷின் பழுது பார்ப்பவன். என் மனைவிக்கு அப்போது ஆறாம் மாதம். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்பது எங்கள் வழக்கம். அவள் அம்மா இருந்ததோ தூரத்தில், வடக்கே கெடாவில், சுங்கை பட்டாணிப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். முறைப்படி அவர்கள் வந்து அழைத்துப் போகவேண்டும். யுத்தத்தில் யார் மலையேறி வருவார்கள்?

“நானே கொண்டுபோய் விடுறேன்! லோரியிலயே படுத்து, லோரியிலயே சமைச்சு, ராஜா ராணி மாதிரி போவோம் லா!” என்று கூலி வீட்டு வரிசையான எங்கள் லயத்து வாசலில் நின்று முழங்கினேன். வாய் மட்டும் எனக்கு எப்போதும் நல்ல கண்டிஷனில் இருக்கும்.

பெட்ரோல் கிடையாது. கரியை எரித்து, அந்த வாயுவில்தான் ஓட்டவேண்டும். பழைய தகர டிரம்மில் அடுப்புச் செய்து லோரியின் பின்பக்கம் பொருத்தினேன். முதல் சோதனையில் ஆலையைச் சுற்றி ஒரு வட்டம் வந்தேன். புகை பூராவும் நான் அவளுக்காக ஆசையாக வெட்டியிருந்த ஜன்னல் வழியே உள்ளே போயிற்று. வேடிக்கைக்காக உள்ளே ஏறியிருந்த கங்காணி இறங்கியபோது அவர் பல் மட்டும்தான் தெரிந்தது. “பிரசவத்துக்குப் போற வண்டியா, கருமாதிக்குப் போற வண்டியாடா இது?” என்றார்.

நான் அசரவில்லை. அடுப்பை இடம் மாற்றினேன். கொழுந்து வாட்டப் பரப்பும் சாக்குத் தட்டுகள் ஆலையில் சும்மா கிடந்தன, இரண்டை எடுத்துக் கட்டிலாக்கினேன். படுத்தால் முதுகெல்லாம் தேயிலை மணக்கும். தேயிலைப் பெட்டிப் பலகையில் அலமாரி. ஆணி எங்கும் கிடைக்காத காலம், பெட்டிகளிலிருந்து பிடுங்கிய ஆணிகளை ஒவ்வொன்றாகத் தட்டி நிமிர்த்தி அடித்தேன். பயணத்துக்கு ஜப்பான்காரன் பாஸ் கிடைத்து என் சட்டைப் பைக்கு வந்து பதினைந்து நாளாயிற்று. லோரி மட்டும் இன்னும் தயாராகவில்லை.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயம். மலையடிவாரத்துத் தாப்பாவிலிருந்து வந்த ஆட்கள் சொன்ன செய்தி ஒன்றுதான்: கீழே ரோட்டில் திடமான தமிழன் எவன் கண்ணில் பட்டாலும் லோரியில் ஏற்றி, சயாமில் ரயில் ரோடு போட அனுப்புகிறார்கள், போனவன் எவனும் திரும்பவில்லை. மேலே ஆலை ஓடவேண்டுமே என்று பிட்டரை விட்டுவைத்திருந்தார்கள். மலையிறங்கிவிட்டால் நான் பிட்டர் என்று எவனிடம் போய்ச் சொல்வது? பாஸைக் காட்டினால் ஜப்பான்காரன் மடித்துத் திருப்பித் தருவானா?

இதை அவளிடம் சொல்ல எனக்கு வெட்கம். ராஜா ராணி என்று ஊரைக் கூட்டிச் சொல்லியாயிற்றே! ஆகவே ஆணி அடித்தேன். இன்னும் ஒரு தட்டு, இன்னும் ஒரு கொக்கி, மழைக்கு ஒரு மறைப்பு. தினமும் சாயங்காலம் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆலைக்கு வந்து பார்ப்பாள். நல்லவேளையாக அவளும் புதிது புதிதாக ஏதாவது கேட்டுக்கொண்டே இருந்தாள்.

“கண்ணாடி மாட்ட எடம் இல்லையே.”

செய்தேன்.

“திரைச்சீலை?”

சாக்கைக் கிழித்துத் தொங்கவிட்டேன்.

ஒருநாள், “அம்மி வேணுங்க. அம்மி இல்லாம நான் வரமாட்டேன்” என்றாள்.

லோரியில் அம்மி! அரைக்க மிளகாயே இல்லாத காலத்தில், மரவள்ளிக்கிழங்கைத் தவிர வேறொன்றும் காணாத காலத்தில், ஓடுகிற வண்டியில் அம்மி. கொஞ்சமாவது மூளை இருப்பவனுக்கு அங்கேயே உறைத்திருக்கும். நானோ, ‘அப்பாடா, இன்னும் நாலு நாள் ஓட்டலாம்’ என்று மனசுக்குள் குதித்தேன். இவளை எப்படி ஏமாற்றுகிறேன் பார் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

அம்மியை இரும்புப் பட்டை போட்டு இறுக்கிய மறுநாள் காலையில், பக்கத்துத் திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றிப்போகும் சீனன் லோரி ஆலை வாசலில் வந்து நின்றது. முன்னால் லோரி முதலாளி தவுக்கேயும் அவன் பெண்சாதியும். அவர்களுக்கு நடுவே, மடியில் துணி மூட்டையோடு, என் மனைவி.

ஓடிப்போய் லோரிக் கதவைப் பிடித்தேன். “எங்க போற?”

“ஈப்போ வரைக்கும் இவங்களோட. அங்க அம்மா வந்து நிக்கிறாங்க. ரயில்ல கூட்டிட்டுப் போயிருவாங்க. போன மாசமே சொல்லி அனுப்பியாச்சு.”

“அப்ப நான் செஞ்சது? அம்மி?”

அவள் சிரிக்கவில்லை. தவுக்கே பெண்சாதியைத் தாண்டிக் குனிந்து என் சட்டைப் பையிலிருந்து பாஸை எடுத்துக்கொண்டாள்.

“எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? ராத்திரி தூக்கத்துல சயாம் சயாம்னு பொலம்பறது நீங்கதானே? வேல முடிஞ்சிருச்சுன்னா வாய்வீச்சுக்காகவாவது கெளம்பி வந்து நிப்பீங்க. அதான் அம்மி கேட்டேன். ஏற்பாடு முடியிற வரைக்கும் உங்களுக்கு வேல வேணுமில்ல.”

தவுக்கே என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். லயத்து ஜனம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது.

“ஆணி அடிங்க. தீந்துபோச்சுன்னா புடுங்கி மறுபடி அடிங்க. கீழ மட்டும் எறங்கிறாதீங்க” என்றாள். நான் அழுதேன். பிட்டர் வேலையில் இருக்கிற, மீசை வைத்த ஆம்பிளை, கோஸுக் கூடை லோரியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். லோரி போய்விட்டது.

அவள் சொன்னபடியே செய்தேன். சண்டை முடியும் வரை அந்த லோரியில் ஏதோ ஒன்றைத் தட்டிக்கொண்டே இருந்தேன். தொட்டில் கொக்கியை மட்டும் மூன்று முறை பிடுங்கி அடித்தேன்.

ஜப்பான்காரன் போன பிறகு அவள் திரும்பி வந்தாள், கையைப் பிடித்து நடக்கும் மகளோடு. மகளை நான் அன்றுதான் முதலில் பார்க்கிறேன். அவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை, லோரியைப் பிடித்துவிட்டது. ஏறி, சாக்குக் கட்டிலில் குதித்து, திரைச்சீலையை இழுத்து, அம்மி மேல் உட்கார்ந்துகொண்டாள். நானும் பழைய பெருமையோடு கொக்கி கொக்கியாகக் காட்டினேன்.

“இது எங்க போவும்?” என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் கீழே நின்ற என் மனைவி சொன்னாள்: “இது எங்கயும் போகல லா, கண்ணு. அதனாலதான் ஒனக்கு அப்பா இருக்காரு.”